போர்ப் பாடலில் ஓசை எங்கே மாறுகிறது?

கேள்வி இதுதான். நாட்டுப்பற்றைப் பாடும் ஒரு போர்ப் பாடலை எடுத்து அதன் யாப்பு, எதுகை மோனை, சொற்கள் திரும்ப வரும் முறை ஆகியவற்றை ஆராய்ந்து எழுத வேண்டும். அலகிட்டு (சீர்களை அசைகளாகப் பிரித்து), வாய்பாடு (சீரின் அசை அமைப்புக்கு இட்ட பெயர்) எழுதி, எதுகைக்கெல்லாம் அடிக்கோடு போட்டுக் கொடுத்தால் "இது பட்டியல்தானே, ஆய்வு எங்கே?" என்று திரும்பி வருகிறது. எப்படி எழுதுவது?

அலகிடுவதை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஆனால் அலகிட்டு முடித்ததும் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஓசை திடீரென்று மாறும் இடம் ஒன்று. மாறியிருக்க வேண்டிய இடத்தில் மாறாமல் பிடிவாதமாக நிற்கும் இடம் இன்னொன்று. அங்கே பொருளில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால் அதுதான் ஆய்வு. நான்கு பாட்டுகளை வைத்துச் சொல்கிறேன். முதலாவதில் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், சரக்கு அங்கேதான் இருக்கிறது.

செயங்கொண்டாரின் கலிங்கத்துப் பரணி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்து அனந்தவர்ம சோடகங்கனை வென்ற போரைப் பாடுவது. இன்று நாம் சொல்லும் நாட்டுப்பற்று அதில் உண்டா என்று கேட்டால், அது மன்னன் புகழ்தான். போரை நேரில் பார்த்ததாகச் சொல்வதும் வீரனல்ல, காளியிடம் வந்து சேதி சொல்லும் ஒரு பேய். அதைக் கட்டுரையில் ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போங்கள். போர் தொடங்கும் இடம் இது:

எடுமெடு மெடுமென வெடுத்ததோர்
இகலொலி கடலொலி யிகக்கவே
விடுவிடு விடுபரி கரிக்குழாம்
விடுவிடு மெனுமொலி மிகைக்கவே

'எடு எடு' என்று எழுந்த போர் ஆரவாரம் கடலோசையை மிஞ்ச, குதிரையும் யானையும் 'விடு விடு' என்று ஏவப்படும் ஒலி அதற்கும் மேலே எழ என்பது பொருள்.

அலகிட்டுப் பாருங்கள். எடு-மெடு, நிரை நிரை (இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ இணைந்து வந்தால் நிரை; தனிக்குறிலோ நெடிலோ வந்தால் நேர்; பின்னால் ஒற்று வந்தாலும் கணக்கு மாறாது). மெடு-மென, நிரை நிரை. வெடுத்-ததோர், அதுவும் நிரை நிரை. கடைசி வரை இப்படியேதான். பன்னிரண்டு சீரும் கருவிளம், ஒரு நேரசைகூடக் கிடையாது. விளத்தின் பின் நிரை வருவதால் தளை (சீருக்குச் சீர் உள்ள இணைப்பு) முழுவதும் நிரையொன்றாசிரியத் தளை. பெரும்பாலான மாணவர்கள் இங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். 'அனைத்தும் கருவிளம், ஆகவே விரைவான ஓசை' என்று முடித்துவிடுகிறார்கள்.

அசைக் கணக்கு இங்கே பாதி உண்மையைத்தான் காட்டுகிறது. நிரையசைக்கு 'எடு' என்று இரண்டு குறில் வந்தாலும் ஒன்றுதான், 'ததோர்' என்று நெடிலும் ஒற்றும் சேர்ந்து வந்தாலும் ஒன்றுதான். காதுக்கு அப்படி இல்லை. சந்தக் கணக்கில் தனிக்குறிலுக்கு ஒரு மாத்திரையும், நெடிலுக்கும் ஒற்றடுத்த குறிலுக்கும் இரண்டும் வைத்து எண்ணுங்கள். எ-டு-மெ-டு, நான்கு. மெ-டு-மெ-ன, நான்கு. வெ-டுத்-த-தோர், ஆறு. அடுத்த மூன்று சீரும் அதே கணக்கு: இ-க-லொ-லி நான்கு, க-ட-லொ-லி நான்கு, யி-கக்-க-வே ஆறு. இரண்டாம் அடியிலும் விடுவிடு, விடுபரி, கரிக்குழாம் என்று நான்கு, நான்கு, ஆறு. வாய்பாடு ஒன்றே ஒன்று, அதற்குள்ளே இலேசு, இலேசு, கனம் என்று ஒரு நடை ஓடிக்கொண்டிருக்கிறது.

மெய்யெழுத்துகளையும் கவனியுங்கள். இலேசான சீர்களில் ட், க் எல்லாம் உயிர்களுக்கு நடுவே தனியாக வந்து மெலிந்து ஒலிக்கின்றன. கனமான சீரில் மட்டும் த்த, க்க என்று வல்லினம் இரட்டித்து இறுகுகிறது. எடுத்த, இகக்க, மிகைக்க. அடுத்து வரும் தாழிசைகளிலும் (பரணியின் ஈரடிப் பாடல்கள்) தெறித்த, வெடிக்க, கிடைக்க, மலைக்க, முனைக்க என்று இதே இடத்தில் இதே இறுக்கம். வாய்விட்டுப் படித்தால் ஒவ்வொரு மூன்றாம் சீரிலும் நாக்கு ஒரு கணம் தடைபட்டு மறுபடி பாய்வது தெரியும். 'குதிரைக் குளம்பொலி போல் இருக்கிறது' என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ஒலி எந்தச் சீரின் எந்த எழுத்தில் பிறக்கிறது என்று எழுதுகிறவருக்குத்தான் மதிப்பெண்.

எதுகை மோனைக்கு வருவோம். எடு, விடு என்று அடியெதுகை. மோனை ஒவ்வோர் அடியிலும் முதற்சீருக்கும் நான்காம் சீருக்கும் இடையே நிற்கிறது: எடு–இகல், விடு–விடு. இகரமும் எகரமும் ஒன்றுக்கொன்று மோனையாகும் என்பது தெரிந்ததே. அடுத்த தாழிசைகளில் வெருவர–விசைபடு, செருவிடை–தெழியுலகு (சகரமும் தகரமும் இனம்), எறிகடல்–இருபடை, மறிதிரை–வருபரி (மகரமும் வகரமும் இனம்). ஓரிடத்திலும் தவறவில்லை. ஆறு சீர் கொண்ட அடியை நடுவில் மூன்று மூன்றாக உடைத்து, இரண்டாம் பாதி தொடங்கும் இடத்தைக் காதுக்கு அறிவிப்பது இந்த மோனைதான். அடிகள் ஏன் இரண்டிரண்டு வரியாக மடித்து அச்சிடப்படுகின்றன என்பதற்கும் காரணம் இதுவே.

இயைபும் உண்டு. அடிதோறும் -க்கவே என்று முடிகிறது. இலக்கணப்படி இது எச்சம். 'இகக்கவே, மிகைக்கவே, வெடிக்கவே' என்று தாழிசைக்குத் தாழிசை எச்சமாகவே அடுக்கிக்கொண்டு போகிறார், வினைமுற்று வந்து சேர்வதாக இல்லை. இயைபு அடியை மூடுகிறது, வினை வாக்கியத்தைத் திறந்தே வைத்திருக்கிறது. படைகள் மோதிக்கொண்டே இருக்கின்றன, யார் வென்றார் என்பது இன்னும் தெரியாது. வாக்கியமும் அதைச் சொல்ல மறுக்கிறது.

இனி, சொல் திரும்ப வரும் முறை. இந்தப் பகுதியிலேயே இரண்டு வகை இருக்கிறது. 'எடு எடு எடு' என்பது களத்தில் எழும் குரல். அதே 'எடு', மூன்றாம் சீரில் 'எடுத்ததோர்' என்று கவிஞரின் சொல்லாகிவிடுகிறது. கட்டளை, கதையாக மாறும் இடம் அது. இரண்டாவது வகை இன்னும் அழகு:

எறிகட லொடுகடல் கிடைத்தபோல்
இருபடை களுமெதிர் கிடைக்கவே
மறிதிரை யொடுதிரை மலைத்தபோல்
வருபரி யொடுபரி மலைக்கவே

கடலொடு கடல், திரையொடு திரை, பரியொடு பரி. அடுத்த தாழிசையில் வரையொடு வரை, கரியொடு கரி, முகிலொடு முகில், இரதமொடு இரதம். வினையும் இரட்டிக்கிறது: கிடைத்தபோல், கிடைக்கவே; மலைத்தபோல், மலைக்கவே (கிடைத்தல் என்றால் எதிர்ப்படுதல், மலைத்தல் என்றால் மோதுதல்). நடுவில் ஓர் 'ஒடு', இரண்டு பக்கமும் ஒரே சொல். களத்தில் இரண்டு அணிகள் நேருக்கு நேர் நிற்பதைச் சொற்களே நின்று காட்டுகின்றன. இதில் கவனிக்க வேண்டியது, நம் படை புலி, எதிரிப் படை நரி என்று இந்த இடத்தில் கவிஞர் பிரிக்கவில்லை என்பது. கடல் என்றால் இரண்டும் கடல், மலை என்றால் இரண்டும் மலை. மன்னனைப் புகழ வந்த நூல் எதிரியைச் சமமாக நிறுத்துகிறது. ஆயிரம் யானையைப் போரில் வென்றவனுக்கே பரணி என்று பாட்டியல் (சிற்றிலக்கிய வகைகளுக்கான இலக்கணம்) சொல்லும்போது, சிறிய எதிரியை வென்றவனைப் பாடி என்ன பயன்?

இப்போது மாறும் இடம். கலிங்கர் தோற்று ஓடுகிறார்கள்:

ஒருவ ரொருவரி னோட முந்தினர்
உடலி னிழலினை யோட வஞ்சினர்
அருவர் வருவரெ னாவி றைஞ்சினர்
அபய மபயமெ னாந டுங்கியே

ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு ஓடினார்கள், தங்கள் உடலின் நிழலையே கண்டு அஞ்சினார்கள், தமிழர் வருகிறார் என்று பணிந்தார்கள், அபயம் அபயம் என்று நடுங்கினார்கள்.

அலகிடுங்கள். ஒரு-வ, புளிமா (நிரை நேர்). ரொரு-வரி, கருவிளம். னோ-ட, தேமா (நேர் நேர்). முந்-தினர், கூவிளம் (நேர் நிரை). மற்ற வரிகளிலும் இதே வரிசை. ஒரே வாய்பாட்டில் அணிவகுத்துப் போன சீர்கள் இங்கே நான்கு வாய்பாடாகச் சிதறிவிட்டன. மாத்திரையில் ஒருவ மூன்று, ரொருவரி நான்கு. முன்பு நான்கு நான்காக நடந்த ஓசை இப்போது மூன்றும் நான்குமாகத் தடுக்குகிறது. தாளம் அறிந்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம், சதுச்ரத்திலிருந்து (நான்கின் நடை) மிச்ரத்துக்கு (மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழின் நடை) போய்விட்டார். ('அருவர்' என்ற சீரில் மட்டும் ஒற்றினால் ஒரு மாத்திரை கூடும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.)

'ஓட' என்ற சொல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதல் இரண்டு வரியிலும் மூன்றாம் சீரில், அதாவது தேமா வரும் அதே இடத்தில். அடியில் எழுத்து மிகக் குறைந்த சீர் அதுதான், நெடிலில் தொடங்கிச் சட்டென்று தீர்ந்துபோகிறது. கால் இடறும் இடத்தில் 'ஓட' என்ற சொல். இதைச் சுட்டிக்காட்டினாலே உங்கள் கட்டுரை பட்டியல் என்ற பேரிலிருந்து தப்பிவிடும். கூடவே அபயம் அபயம் என்ற அடுக்கையும் சேருங்கள். அபயன் என்பது குலோத்துங்கனுக்கே ஒரு பெயர். தோற்றவன் அடைக்கலம் கேட்டு அலறும்போது வென்றவன் பெயரும் கூடவே ஒலிக்கிறது.

இங்கே ஒரு சின்ன நிறுத்தம். சொல் திரும்பி வந்தால் எல்லாவற்றுக்கும் 'மடக்கு' என்று பெயர் வைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மடக்கு என்றால் வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தர வேண்டும். அபயம் அபயம், விடு விடு என்பவை அடுக்குத்தொடர். 'அசைநிலை பொருள்நிலை இசைநிறைக்கு ஒருசொல் இரண்டு மூன்று நான்கு எல்லை முறை அடுக்கும்' என்கிறது நன்னூல். பொருள்நிலை அடுக்கில் விரைவு, அச்சம் முதலிய காரணங்களை உரைகள் சொல்லும். விடு விடு விரைவு, அபயம் அபயம் அச்சம். ஒரே சொல் அதே பொருளில் பல அடிகளில் வந்தால் அது சொற்பொருட் பின்வருநிலையணி. பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டு உடனே அது என்ன வேலை செய்கிறது என்பதற்குப் போய்விடுங்கள். பெயரிடுவதற்கு ஒரு வரிக்கு மேல் தேவையில்லை.

பின்வருநிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. புறநானூறு 312, பொன்முடியார் பாடியது, துறை மூதின்முல்லை:

ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே
சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே
வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே
நன்னடை நல்கல் வேந்தற்குக் கடனே
ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கிக்
களிறெறிந்து பெயர்தல் காளைக்குக் கடனே

கடனே என்று ஐந்து முறை வருவதை எல்லோரும் எழுதுவார்கள். ஆசிரியப்பா ஏகாரத்தில் முடிவது சிறப்பு. இங்கே ஓரடி தவிர எல்லா அடியும் அப்படி முடிகிறது, அப்படி முடியும் ஒவ்வோர் அடியிலும் பாட்டே முடிந்துவிட்டது போன்ற தீர்மானம். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் என்று நான்கு பேருக்கு ஆளுக்கு ஓர் அடி. ஐந்தாவதாகக் காளை வரும்போது கணக்கு மாறுகிறது. அவன் கடனுக்கு ஓர் அடி போதவில்லை, இரண்டு தேவைப்படுகிறது. அந்த முதல் அடியில் கடனே இல்லை. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வர வேண்டும் என்பது விதி. 'ஒளிறுவாள் அருஞ்சமம் முருக்கி', மூன்றே சீர். யாப்பு கட்டாயமாகக் கேட்கும் அந்தக் குறை அடியில் புலவர் போரை வைத்திருக்கிறார். நான்கு முறை கேட்டுப் பழகிய காது கடனே என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறது, அது வரவில்லை, வாள்தான் வருகிறது. களிற்றை வீழ்த்தி அவன் திரும்பிய பிறகே அந்தச் சொல்லும் திரும்புகிறது. ஒளிறு, களிறு என்ற எதுகை இந்த இரண்டு அடியையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது. இவ்வளவும் ஆறு அடிக்குள். வேகமான சந்தம் எதுவும் இதில் இல்லை, தாய் ஒருத்தியின் நிதானமான பேச்சு இது. போர்ப் பாடல் என்றாலே விரைந்த ஓசை என்று எழுதிப் பழகியவர்கள் இதை ஒருமுறை அலகிட்டுப் பார்க்க வேண்டும்.

பாரதிக்கு வருகிறேன். 'அச்சமில்லை அச்சமில்லை அச்சமென்ப தில்லையே' எல்லோருக்கும் மனப்பாடம். அதற்குப் 'பண்டாரப் பாட்டு' என்று தலைப்பு இருப்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். ஒற்றை நீக்கி எழுத்தை எண்ணுங்கள், பதினைந்து. அச்-ச-மில்-லை என்று கனமும் இலேசும் மாறி மாறிக் கடைசி வரை வருகிறது. 'உச்சிமீது வானிடிந்து வீழுகின்ற போதினும்' என்ற அடியும் எழுத்துக்கு எழுத்து இதே. இனி, சித்தர்களில் ஒருவரான சிவவாக்கியரின் 'ஓடி ஓடி ஓடி ஓடி உட்கலந்த சோதியை' என்ற அடியை எண்ணுங்கள். அதே பதினைந்து, அதே கனம் இலேசு. தெருவில் பாடி வரும் பண்டாரத்தின் மெட்டை எடுத்து நாட்டு விடுதலைக்குத் தந்திருக்கிறார். படை அணிவகுப்புக்கு ஏற்ற நடையாக நமக்கு இன்று கேட்பது, உண்மையில் சித்தர் நடை. ஒன்றும் இல்லாதவனிடமிருந்து பறிக்க என்ன இருக்கிறது? பாட்டின் துணிச்சல் அந்த மெட்டோடு சேர்ந்து வருகிறது.

எதுகை இங்கே அச்ச, இச்ச, துச்ச, பிச்சை, நச்சை, பச்சை, உச்சி என்று ச்ச ஒன்றையே பிடித்துக்கொண்டு போகிறது. விளைவு என்னவென்றால், உலகம் கொண்டுவரும் ஒவ்வோர் ஆபத்தும் 'அச்சம்' என்ற சொல்லின் ஓசையை உடுத்திக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. அச்சமூட்ட வந்ததை அச்சமில்லை என்ற அடி உடனே எதிர்கொள்கிறது. வாக்கிய அமைப்பும் அதற்கேற்ப இருக்கிறது. 'எதிர்த்து நின்ற போதினும்' என்று பாதியில் நிற்கிறது, பல்லவி வந்தால்தான் வாக்கியம் முடியும். பரணியின் -க்கவே முடியாமலே ஓடியதல்லவா, இங்கே ஒவ்வொரு முறையும் முடிந்துவிடுகிறது. பல்லவியை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் ஒரு வாக்கியமும் நிற்காது. பல்லவிக்குள்ளேயும் ஒரு படி இருக்கிறது. இரண்டு முறை அச்சமில்லை, மூன்றாம் முறை அச்சம் என்பதே இல்லை.

ஒரு செய்தி எனக்கு எப்போதும் வியப்பு. எட்டு நிலைமைகளை அடுக்குகிறார். உலகப்பகை, இகழ்ச்சி, பிச்சை, இழப்பு எல்லாம் போன பிறகு, நண்பரே நஞ்சூட்டுவதும் வந்த பிறகுதான் 'பச்சையூன் இயைந்த வேற் படைகள்' ஏழாவதாக வருகின்றன. படையைவிட முன்னால் சந்திக்க வேண்டிய எதிரிகள் ஆறு பேர் இருக்கிறார்கள். 'படைகள் வந்த' என்ற இடத்தில் இலேசாக வர வேண்டிய எழுத்து 'கள்' என்று கனத்து ஓசை சற்றே நெரிபடுகிறது. ஆனால் 'பொருளெலாம்' என்ற இடத்திலும் ஓரெழுத்து கூடத்தான் செய்கிறது, அங்கே அதற்குப் பொருள் கற்பிக்க வழியில்லை. ஆகவே படைகள் நெரிசலை வைத்து ஒரு கொள்கை கட்டாதீர்கள். மோனையை வைத்துக் கட்டலாம். இச்சகத்து–எதிர்த்து, துச்சமாக–தூறு, பிச்சை–பெற்று, நச்சை–நண்பர், பச்சை–படைகள் என்று அடிதோறும் முதற்சொல்லோடு பின்பாதி தவறாமல் மோனை கொள்கிறது. கடைசி அடியில் உச்சிமீது என்று தொடங்கிய பிறகு அதற்கு மோனை வரவே இல்லை. வானிடிந்து, வீழுகின்ற என்று அந்த இரண்டும் தமக்குள் சேர்ந்துகொள்கின்றன. வானம் விழும் அடியில் மோனைக் கட்டும் விட்டுப்போகிறது, எதுகையும் எழுத்தெண்ணிக்கையும் மட்டும் அசையவில்லை. கவிஞர் திட்டமிட்டாரா என்ற கேள்விக்குள் போக வேண்டாம், கேட்பதை எழுதினால் போதும்.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. புதுச்சேரியில் இருந்த பாரதி பெல்ஜியத்தை வாழ்த்திப் பாடினார்:

அறத்தினால் வீழ்ந்து விட்டாய், அன்னியன் வலிய னாகி
மறத்தினால் வந்து செய்த வன்மையைப் பொறுத்தல் செய்வாய்,
முறத்தினால் புலியைத் தாக்கும் மொய்வரைக் குறப்பெண் போலே
திறத்தினான் எளியை யாகிச் செய்கையால் உயர்ந்து நின்றாய்

விளம், மா, தேமா என்று வரும் அறுசீர் விருத்தம். பாதிக்குப் பாதி தேமாவில் வந்து நின்று மூச்சுவிடுகிறது. தோற்றவனிடம் பேசும் குரலுக்கு இந்த நடைதான் பொருந்தும். அடிகளின் முதற்சீரை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள்: அறத்தினால், மறத்தினால், முறத்தினால், திறத்தினான். நான்கும் மூன்றாம் வேற்றுமை. எதுவால் வீழ்ந்தது, எதுவால் தாக்கப்பட்டது, எதைக்கொண்டு எதிர்த்தது, எதில் எளியது என்ற வாதம் முழுவதும் எதுகையிலேயே அடங்கிவிட்டது. எதுகை ஓசைக்காக மட்டும் என்று நினைப்பவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியாது. முதலடி 'வீழ்ந்து விட்டாய்' என்கிறது, நான்காம் அடி 'உயர்ந்து நின்றாய்' என்கிறது. இரண்டும் தேமா தேமாவாக முடியும் ஒரே அளவுத் தொடர் போலத் தோன்றினாலும், 'உயர்ந்து' புளிமா. எழும்போது ஓர் எழுத்து கூடுகிறது.

நடைமுறையில் ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். இன்றைய பதிப்புகள் பலவும் படிக்க எளிதாகச் சொல் பிரித்து அச்சிடுகின்றன. 'எனா இறைஞ்சினர்' என்று பிரித்த வடிவத்தை அலகிட்டால் எ-னா ஒரு நிரை, இ-றைஞ் ஒரு நிரை என்று எல்லாம் பிசகிப்போகும். 'வருவரெ னாவி றைஞ்சினர்' என்று சீர் பிரித்த வடிவத்தில்தான் தேமாவும் கூவிளமும் கிடைக்கும். கையில் இருப்பது சொல் பிரித்த பதிப்பு என்றால் புணர்ச்சியை நீங்களே சேர்த்து எழுதிக்கொண்டு பிறகு அலகிடுங்கள். அலகிட்டது சரியா என்பதற்குச் சோதனையும் உண்டு. இணையான அடிகளில் ஒரே வாய்பாடு வரிசை வர வேண்டும். வராவிட்டால் முதலில் உங்கள் சீர் பிரிப்பைச் சந்தேகியுங்கள், அப்புறம் பாட பேதம் இருக்கிறதா என்று பாருங்கள், கவிஞர் மாற்றினார் என்ற முடிவுக்குக் கடைசியில் வாருங்கள்.

எழுதும்போது ஒரு பத்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

'போர்த் தொடக்கத்தைப் பாடும் தாழிசையில் பன்னிரண்டு சீரும் கருவிளமாக அமைய, மூன்றாம் சீர்தோறும் வல்லினம் இரட்டித்து ஓசை இறுகுகிறது. இந்த ஒழுங்கு, கலிங்கர் ஓட்டத்தைப் பாடும் தாழிசையில் குலைகிறது. புளிமா, கருவிளம், தேமா, கூவிளம் என்று சீர்கள் கலந்து வர, அடியின் மிகக் குறுகிய சீரில் "ஓட" என்ற சொல் இரு முறை வைக்கப்படுகிறது. முன்னதில் "பரியொடு பரி" என இரு படைகளையும் சமமாக நிறுத்திய சொல்லடுக்கு, பின்னதில் "ஒருவர் ஒருவரின் முந்தினர்" எனத் தோற்றவர்கள் தமக்குள்ளேயே போட்டியிடுவதைக் காட்டப் பயன்படுகிறது.'

இதில் யாப்புக் கலைச்சொற்கள் நான்கைந்துதான். ஒவ்வொன்றும் ஒரு பொருட்செய்தியோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. முழு அலகீட்டையும் வாய்பாட்டையும் தனித் தாளில் பின்னிணைப்பாக வைத்துவிடுங்கள், கட்டுரைக்குள் தேவைப்படும் சீரை மட்டும் எடுத்துக் காட்டுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் பரணியின் இந்த இரண்டு பகுதியையும் சேர்த்து எடுங்கள். ஒரே நூலுக்குள் ஒழுங்கும் குலைவும் பக்கத்தில் பக்கத்தில் கிடைப்பதால் ஒப்பிட வெளியே அலைய வேண்டாம். பக்க அளவு குறைவு என்றால் புறம் 312. பண்டாரப் பாட்டை எடுப்பதானால் சிவவாக்கியர் அடியைப் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், அது இல்லாமல் எழுதினால் எல்லோரும் எழுதும் கட்டுரையாகிவிடும்.